காப்பது வேலியே!

நடுவர் அவர்களே, வணக்கம். காம ஆசையிலிருந்து மனிதனைக் காப்பது மன உறுதியா, முன்கூட்டியே போட்டுவைக்கும் வேலியா? யூத அறநெறியை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வேலியின் பக்கம்.

எதிரணித் தலைவர் யோசேப்பை மன உறுதிக்குச் சாட்சியாக நிறுத்தினார். சரி, யோசேப்பையே பார்ப்போம். அவன் அடிமையாக இருந்த எகிப்திய அதிகாரி போத்திபாரின் மனைவி, ஆசையோடு அவன் உடையைப் பிடித்த அன்று வீட்டில் வேறு ஆளே இல்லை என்கிறது யூத வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம். அவன் அங்கே நின்று உறுதியைக் காட்டவில்லை ஐயா, உடையை அவள் கையில் விட்டுவிட்டு வெளியே ஓடினான்! அந்த நேரத்தில் தகப்பன் முகம் ஜன்னலில் தெரிந்தது என்று, யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் சேர்த்துச் சொல்கிறது.

அதே தல்மூதில், கித்துஷின் பகுதியில், இன்னொரு கதை. பாபிலோனில் நெகர்தேயா ஊர். சிறைப்பட்டு மீட்கப்பட்ட பெண்களை, பக்திமான் என்று பேரெடுத்த அறிஞர் ரவ் அம்ராமின் வீட்டு மாடியில் தங்கவைத்து ஏணியை எடுத்துவிட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத ஏணி. அதை அம்ராம் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாத்தி ஏறத் தொடங்கிவிட்டார். பாதியில் காலை அழுத்தி நின்று, "அம்ராம் வீட்டில் தீ!" என்று கத்தினார். ஓடிவந்த அறிஞர்கள், எங்களை வெட்கப்படுத்திவிட்டீரே என்றார்கள். மறுமையில் வெட்கப்படுவதைவிட இங்கேயே வெட்கப்படுவது மேல் என்றார் அவர்.

"ஏணியை எடுத்தும் ஏறிவிட்டாரே, வேலி தோற்றுவிட்டதே" என்பீர்கள். ஒரு வேலி தோற்றது, உண்மை. அப்புறம் அவர் தன் மனதை நம்பி இறங்கினாரா? ஊரைக் கூப்பிட்டார். நாலு பேரின் கண்ணையே அடுத்த வேலியாக்கிக்கொண்டார். எனக்கு இந்த மனிதர்மேல் அத்தனை மரியாதை!

அபாயே என்ற பெரிய அறிஞர், ஓர் ஆணும் பெண்ணும் தனியாகப் பயணம் போகப் பேசிக்கொண்டதைக் கேட்டு, தவறு நடந்துவிடுமோ என்று பின்தொடர்ந்தார். அவர்கள் ஒழுங்காகப் பிரிந்துபோனார்கள். அந்த ஆணின் இடத்தில் தான் இருந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது என்று அவர் வருந்தியபோது, ஒரு முதியவர் சொன்னார்: ஒருவன் எவ்வளவு பெரியவனோ, அவனுடைய தீய நாட்டமும் அவ்வளவு பெரியது. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், மன உறுதியை மட்டும் நம்பி யாரை அனுப்புவீர்கள்?

வேலி பெண்ணை அவமானப்படுத்துகிறது என்றார் எதிரணிச் சகோதரி. அந்தக் கவலையை மதிக்கிறேன். வேலியைக் காட்டிப் பெண்ணை மட்டும் அடைத்துவைக்கும் இடங்களில் நானும் அவருடன்தான் நிற்பேன். ஆனால் தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவின் விதியைப் பாருங்கள்: இரண்டு பெண்களுடன் ஓர் ஆண் தனித்திருக்கக் கூடாது, இரண்டு ஆண்களுடன் ஒரு பெண் இருக்கலாம். தெருவைப் பார்த்த கதவு திறந்திருந்தால் அந்தத் தடையும் இல்லை என்கிறது தல்மூத். அம்ராம் கதையில் மாடியிலிருந்த பெண்கள்மேல் ஒரு குற்றச்சொல் கிடையாது. ஏறியவரும் அவர், கத்தியவரும் அவர், வெட்கத்தைச் சுமந்தவரும் அவர். இதில் பெண்ணுக்கு எங்கே அவமானம், நடுவர் அவர்களே?