கொக்கியின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நகைக்கு ஏற்ற இடம் மூடிய பெட்டியா, மாட்டி வைக்கும் கொக்கியா?" இதுதான் தலைப்பு. நான் கொக்கியின் கட்சி. தங்கத்தை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம், அது பேங்க் லாக்கரில் நிம்மதியாகத் தூங்கட்டும். வீட்டில் அன்றாடம் புழங்குவது கவரிங் ஆரம், கண்ணாடி வளையல், டெரகோட்டா ஜிமிக்கி. வழக்கு இவற்றின் மேல்தான்.

"வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் சும்மா விடுவாரா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார் எதிரணித் தலைவர். ஐயா, சுவரை யார் கேட்டது? இரும்பு பீரோ இருக்கிறதே! அதன் கதவின் உட்பக்கம் சும்மாதானே கிடக்கிறது? பத்து காந்தக் கொக்கி போதும், ஆணியும் வேண்டாம், ஓனரும் வேண்டாம். உள்ளே இருப்பதால் தூசியும் படியாது, வந்தவர் கண்ணும் படாது.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அட்டையில் 5 கிலோ என்று போட்டிருந்தால், அது காந்தத்தை நேராகப் பிடித்து இழுக்கும்போது தாங்கும் எடை. நிமிர்ந்து நிற்கும் கதவில் பாரம் கீழ்நோக்கி இழுக்கும். பெயின்ட் வழுவழுப்பில் கொக்கி சறுக்கி இறங்கிவிடும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிக் காந்தத்துக்கு அடியில் கொடுத்தால் சறுக்கல் குறையும். கனமான ஆரத்தைக் கீல் பக்கம் மாட்டுங்கள், கதவு திறக்கும்போது அந்தப் பக்கம்தான் குறைவாக அசையும். ஒரே கொக்கியில் தொங்கவிட்டால் கயிறு ஒரே இடத்தில் மடிந்து நைந்துபோகும், ஆகவே ஆரத்துக்கு இரண்டு கொக்கி.

கதவை மூடினால் நகை தட்டில் இடிக்குமா? சப்பாத்தி மாவை மூன்று அங்குல உயரக் கூம்பாகப் பிடித்துக் கதவின் உட்பக்கம் ஒட்டி மூடிப் பாருங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. 2 அங்குலம் இல்லையென்றால் புடவை அடுக்கை உள்ளே தள்ள வேண்டியதுதான்.

ஜிமிக்கிக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். கோணி ஊசியால் 2 அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, தோட்டைச் செருகிப் பின்னால் திருகாணியைப் போட்டுவிட்டால் ஜோடி பிரியாது. வளையலுக்கு ஒன்றரை அங்குல பிவிசி பைப்பைப் படுக்கைவாட்டில் வையுங்கள். 2-4 அளவு என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், தாராளமாக நுழையும். ஒரு அடி பைப்பில் மெல்லிய கண்ணாடி வளையல் ஐந்து டஜன் வரை அடங்கும். பைப்பின் மேல் துணி சுற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உரசி விளிம்பு சில்லு பெயரும்.

"பெட்டியில் வைத்தால் கறுக்காது" என்றார் இன்னொரு நண்பர். கவரிங் ஏன் கறுக்கிறது? உள்ளே செம்போ பித்தளையோ, மேலே மெல்லிய தங்கப் பூச்சு. வியர்வையின் உப்பும் ஈரமும் பூச்சின் நுண்துளை வழியே இறங்கி உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். கழற்றிய கையோடு பஞ்சு வைத்த பெட்டியில் போட்டு மூடினால், அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துப் பத்திரமாகக் காப்பாற்றி வைக்கும்! உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் ஆறவிட்டுக் கொக்கியில் மாட்டுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிப் பீரோ இருந்தால் அதை நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். அப்புறம், பெட்டியில் போட்ட மூன்று செயின் வெளியே வரும்போது ஒரே செயினாகத்தான் வரும். அந்தச் சிக்கலைப் பிரிக்கத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

முத்தையும் வெள்ளியையும் எதிரணிக்கே விட்டுத் தருகிறேன், பெட்டிக்கும் ஏதாவது வேலை வேண்டுமே. முத்துமாலையைத் தொங்கவிட்டால் நூல் நீண்டுவிடும், துணியில் படுக்க வைப்பதே சரி. வெள்ளியைக் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கறுக்கவைக்கும், ஆகவே காற்றை அமுக்கி வெளியேற்றிய ஜிப் கவரில் போடுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் சுற்றாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. டியூப் வட்டம் வைத்த கொக்கியில் வெள்ளியை மாட்டக் கூடாது என்பதும் அதனால்தான்.

மணி அடிக்கிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது, வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஒரு ஜிமிக்கி கையில், அதன் ஜோடி ஏழு பெட்டியில் எதில்? அடுத்து வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.