முட்டுக்கட்டை போடுங்கள்!

(பொறியாளர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆய்வுக் கூட்டத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, போக்குவரத்துக் காவல்துறை நண்பர்களே, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேரே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எலும்பு முறிவு மருத்துவர் ஐயா அவர்களே, அரங்கை வாடகை வாங்காமல் தந்த கல்லூரித் தாளாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசியவரும், எனக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பத்து நிமிடத்தைச் சேர்த்துப் பேசியவருமான என் ஆருயிர் நண்பர் அவர்களே, மலேசியாவிலிருந்து வந்திருக்கும் பொறியாளர் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தால் இன்னும் நன்றி.

சாலைப் பாதுகாப்பில் உலக வல்லுநர்கள் கைகோப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வேகம், நடைபாதை, பேருந்து என்று மூன்று விஷயம் குறித்து வைத்திருக்கிறேன்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். நம் நாட்டில் 2022இல் மட்டும் 1,68,491 பேர். தனி ஆள் இழுக்கிற தேரா இது? 1959இல் வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் மார்புக்கும் இடுப்புக்குமாகச் சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட்டைச் செய்தார். காப்புரிமை கம்பெனி கையில்தான் இருந்தது. மற்ற கம்பெனிக்காரர்களும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்று நீங்கள் வந்த காரில் இருப்பது அதுதான். போட்டீர்களா என்று கேட்கவில்லை, ஆட்சியர் இருக்கிறார்.

தேர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. சில வருடம் முன்பு திருச்சிக்கு ஒரு கருத்தரங்குக்கு ஸ்வீடன் பொறியாளர் ஒருவர் வந்தார். அவரைத் திருவாரூர் ஆழித்தேருக்கு அழைத்துப் போனேன். 96 அடி, 300 டன். பங்குனி வெயில். மனிதர் வடம் பிடிக்கும் கூட்டத்தைப் பார்ப்பார் என்று நினைத்தால், நேரே சக்கரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒல்லியாக ஒரு பெரியவர். தலையில் முண்டாசு, கையில் முட்டுக்கட்டை. ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுகிறார், உருவுகிறார், மறுபடி செருகுகிறார். "யார் இவர்?" என்றார். "பிரேக்கும் இவர்தான், ஸ்டியரிங்கும் இவர்தான்" என்றேன். திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் கட்டை போகவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்று பெரியவரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமிக்கே அவசரம் இல்ல, இவருக்கு என்னவாம்?"

முனையில் தேரைத் திருப்ப இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவினார்கள். அதற்குள் நம் ஸ்வீடன்காரர் மூன்று டம்ளர் நீர்மோர் குடித்துவிட்டார். திரும்பும்போது ஒரு கடைத்தெருவில் நம் டிரைவர் எண்பதில் போகிறார். பின்சீட்டில் இவர், மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அன்றைக்குக் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "முட்டுக்கட்டை! முட்டுக்கட்டை!"

(கைதட்டல் போதும், நேரமில்லை.)

நாம் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டோம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் பல நாட்டு அமைச்சர்களும் வல்லுநர்களும் கூடி, நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வண்டிகளோடு கலக்கிற இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். முண்டாசுப் பெரியவர் கட்டையால் சொன்னதும் அதுதானே? பணக்கார நாட்டு வேலை என்று தள்ளவும் வேண்டாம். கானா நாட்டில் அக்ரா – குமாசி நெடுஞ்சாலையில் சுஹும் சந்திப்பில் சாலைக்குக் குறுக்கே அதிர்வுப் பட்டைகள் போட்டார்கள். சாவு 55 சதவீதம் குறைந்தது. மலேசிய நண்பர்களே, உங்கள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் வைத்தீர்கள். அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் உங்களை விடமாட்டேன்.

இப்போது நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கு வருகிறேன். வரத்தான் இவ்வளவும். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைக்குத் தர அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பு) அளவு சொல்லியிருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். பள்ளி வாசலில் ஒரு ராத்திரியில் தாரைக் கொட்டி வைத்திருப்பதை நானே அளந்தேன். உயரம் 22, அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஒட்டகத் திமில்! வெள்ளைக் கோடும் கிடையாது. பேத்தியை அழைக்க வந்த பாட்டி ஒருத்தி, மகன் வண்டியின் பின்னாலிருந்து அதில்தான் விழுந்தாள். மூன்று மனு கொடுத்தாயிற்று, மூன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது." ஸ்டாக்ஹோமும் சுஹும் சந்திப்பும் நம் பள்ளி வாசலுக்கு வரவில்லையென்றால் கைகோத்து என்ன பயன்? ஊர் கூடித் தேர் இழு என்றால், கட்டை போடவும் ஊர் கூட வேண்டும்.

நடைபாதை... சீட்டு வந்துவிட்டது. பேருந்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நண்பர் எடுத்துக்கொண்ட பத்து நிமிடம் இருந்திருந்தால் இரண்டையும் முடித்திருப்பேன்.

பள்ளித் தெருவுக்கு 30 என்று பலகை கேட்டு நான்காவது மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டேப்போடு பள்ளி வாசலுக்கு வாருங்கள், மொத்த வேகத்தடைகளையும் அளந்துவிடலாம். மருத்துவர் ஐயா, நீங்களும்.

வணக்கம்.