மரத்தோடு சேர்த்துக் கட்டிய சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் தாவரங்களில் மருந்துக்கு உதவும் வேதிப்பொருள்களை எவ்வாறு தேடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு குன்றுகூட இல்லாத வடசென்னையில் தாவர வேதியியல் கற்பித்த ஒருவன் மழைக்காட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் காட்டில் நடப்பது இந்தத் தேடலின் ஒரு பகுதிதான். மற்றவை யாவும் ஊருக்குள், மேசைகளின்மேல் நடப்பவை. அவற்றுள் பல, சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியவை.

இலையையோ பட்டையையோ நிழலில் உலர்த்தி, இடித்து, எரிசாராயத்தில் சில நாள் ஊறவைத்து, வடிகட்டி, சாராயத்தை ஆவியாக்கினால், கண்ணாடிக் குடுவையின் அடியில் கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஒன்று மிஞ்சும். அதைச் சாறு என்றே சொல்லிக்கொள்வோம். அந்தச் சாற்றுக்கு ஏதேனும் வீரியம் உண்டா என்று பார்ப்பதற்கு உப்புநீர்க் குஞ்சு இறாலைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. அதன் முட்டை தூள்போல் இருக்கும். காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த கடல்நீரை வடிகட்டி அதில் இட்டு வைத்தால், ஓரிரு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி நீந்துபவை என்பதால், ஒரு பக்கம் விளக்கை வைத்துத் திரட்டி, ஒவ்வொரு குப்பிக்கும் பத்துப் பத்தாக எடுத்துவிட்டு, சாற்றைச் சேர்த்து, மறுநாள் கைலென்சு வழியாகப் பார்த்து எத்தனை அசையாமல் அடியில் கிடக்கின்றன என்று எண்ண வேண்டும். இந்தச் சோதனைக்கு மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

வந்தவர்களிடம் நான் முதலில் சொல்வது, குஞ்சு செத்தால் மருந்து கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை என்பதைத்தான். வேறு சோதனைகளிலும் இதே கதைதான். துவர்ப்புள்ள எந்தப் பட்டையைக் கொண்டுவந்தாலும், பெரும்பாலான சோதனைகளில் அது தேர்ச்சி பெற்றதுபோல் காட்டும். மாதவரத்துப் பக்கம் தோல் பதனிட்டவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருள், அதாவது டானின், தோலில் இருக்கும் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்வதால்தான் பச்சைத் தோல் அழுகாமல் பதமாகிறது. சோதனைக் குழாயில் இருக்கும் நொதிகளும் புரதங்களே ஆகையால், டானின் அவற்றையும் வேறுபாடு பார்க்காமல் பிடித்து முடக்கிவிடுகிறது. அதனால் டானினை நீக்கிய பிறகே சோதிக்க வேண்டும் என்பது இத்துறையில் பாலபாடம். அதைச் செய்யாமலே, வீரியம் கண்டோம் என்று எழுதப்பட்ட ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன.

டானினையும் கழித்துவிட்டோம், அப்போதும் வீரியம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்ய வேண்டும்? அதே செடியை மீண்டும் கொண்டுவர வேண்டும். நான் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி இங்கேதான் தொடங்குகிறது. அதே செடி என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பார்க் டவுன் ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் அசோகப் பட்டை வாங்கியிருப்பீர்கள். உண்மையான அசோக மரம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பள்ளத்தாக்குகளில் ஓடைக்கரையோரம் வளர்வது, இன்று அருகிவருவது. ஆனால் அசோகம் என்ற பெயரில் நாட்டுச் சந்தைக்கு வருவதில், நம் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்களை ஒட்டி ஓங்கி நிற்கும் நெட்டிலிங்கத்தின் பட்டையும் கலந்திருப்பதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மரங்கள். உலர்ந்து துண்டான பிறகு கண்ணால் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். கடைக்காரரைக் குறைசொல்ல மாட்டேன், அவருக்கு மூட்டை வருவதே அப்படித்தான். ஆனால் கடையில் வாங்கிய பட்டை என்று மட்டும் எழுதி ஆய்வை முடிக்கும் ஆய்வாளரை நான் குறைசொல்வேன்.

ஆகவே காட்டில் இலை பறிக்கும்போதே, அதே கிளையிலிருந்து பூவும் காயுமாக ஒரு கொத்தை வெட்டிப் பழைய செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும். மழைக்காட்டு ஈரத்தில் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். அதோடு ஒரு சீட்டு கட்ட வேண்டும். எந்த இடம், எந்த உயரம், எந்தத் தேதி, மரம் எவ்வளவு நெடியது, பூ என்ன நிறம் என்பவை அதில் இருக்க வேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறம் போய்விடும் என்பதால், நிறத்தைச் சொல்ல அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இராது. இத்தகைய உலர்மாதிரிகள் ஆயிரக்கணக்கில் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில் இருக்கின்றன. அத்தொகுப்பு இன்றும் சென்னை பெயரையே தாங்கியிருக்கிறது.

இதற்குச் சான்றாக நான் எப்போதும் சொல்லும் கதை சரவாக்கில் நடந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக 1987இல் தாவரம் சேகரிக்கச் சென்றவர்கள், போர்னியோத் தீவிலுள்ள சரவாக்கில் ஒரு மரத்தின் இலையையும் சிறு கிளைகளையும் எடுத்துவந்தார்கள். எய்ட்ஸ் நோய்க்கிருமி தாக்கிய உயிரணுக்களை அதன் சாறு காப்பாற்றுவதாகச் சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதிலிருந்த பொருளுக்குக் காலனோலைடு என்று பெயரிட்டு 1992இல் வெளியிட்டார்கள். சோதனையைத் தொடர மேலும் இலை வேண்டும். திரும்பிச் சென்று பார்த்தால், அந்த மரம் இல்லை, வெட்டப்பட்டிருந்தது. சரி, பக்கத்திலுள்ள மரங்கள் இருக்கின்றனவே என்று அவற்றின் இலைகளைச் சோதித்தால், அவற்றில் அந்தப் பொருள் மிகச் சொற்பமாகவோ, இல்லாமலோ இருந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மரங்கள் உள்ளே ஒன்றாக இருப்பதில்லை.

அப்போது கைகொடுத்தது அந்த உலர்மாதிரிதான். அது எந்த இனம், இனத்துக்குள் எந்த வகை என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடிந்ததால், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்ற மரங்களில் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் இனத்தில், மரத்தை வெட்டாமல் பால் வடித்தே எடுக்கக்கூடிய நெருங்கிய உறவுப் பொருள் கிடைத்தது. காலனோலைடு மனிதர்களிடம் நடந்த தொடக்கநிலைச் சோதனைகள்வரை சென்றது, மருந்துக் கடைவரை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான தேடல்கள் இப்படித்தான் முடிகின்றன.

அந்த மரம் நம் புன்னையின் உறவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கடற்கரையோரப் புன்னையின் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து மயிரிழைபோல் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக நரம்புகள் ஓடும். அந்தப் பேரினத்தின் இனங்கள் நம் தென்மலைக் காடுகளிலும் உண்டு. உடனே யாரும் புன்னை இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் மலைக்காட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கேம்டோதீசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைச் சீனத்து மரமொன்றிலிருந்து 1966இல் பிரித்திருந்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பின்னர் பம்பாய் சென்ற டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும், அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபீட்டிடா என்னும் சிறுமரத்தில் இருப்பதை 1972இல் அறிவித்தார்கள். அதன் இன்றைய பெயர் நோத்தபோடைட்டிஸ். பூ நாறும், அதனால்தான் அந்தப் பழைய பெயர். கண்டுபிடிப்பு மரத்துக்கு நன்மை செய்யவில்லை. விலை வந்ததும் காட்டில் வேரோடு வெட்டிக் கடத்தத் தொடங்கினார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மலைப் பழங்குடியினரான காணி மக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அகத்திய மலையில் 1987இல் வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்பின்றி நடந்ததற்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய் காரணம் என்பதை அவர்களிடமிருந்தே ஆய்வாளர்கள் அறிந்தார்கள். அதிலிருந்து உருவான ஜீவனி மருந்துக்கான உரிமக் கட்டணத்திலும் ஆதாயப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உயிரியற் பன்மைச் சட்டம் 2002இல்தான் வந்தது, அதன் தேசிய ஆணையம் நம் சென்னையிலேயே, தரமணியில், இருக்கிறது. எனவே சீட்டு எழுதும் மாணவர்கள் இடம், உயரம், பூவின் நிறம் ஆகியவற்றுக்குக் கீழே, செடியை அடையாளம் காட்டியவர் யார், எந்த ஊர் என்பதற்கும், அவர் இசைந்தால், ஒரு வரி விடுங்கள். வணக்கம்.