இரண்டு ஆடி தவறிய மொய்

(பேராவூரணி வட்டாரத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில், 2022 ஆடி மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருப்பதே பெரிய விஷயம். பாதிப் பேர் மொய் விருந்திலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள் என்பது கறிக்குழம்பு வாசனையிலேயே தெரிகிறது. மீதிப் பேர் இனிமேல்தான் போக வேண்டும் போலிருக்கிறது, சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள்.

நூலகர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கொரோனாவுக்குப் பின் நம் ஊர்'. அவ்வளவு பெரிய தலைப்பை என்னால் தூக்க முடியாது. மொய் நோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வேலை, காசு, சொந்தபந்தம் இந்த மூன்றைப் பற்றியும் ஊரில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் மொய்யில்தான் வந்து நிற்கிறது.

வெளியூர் நண்பர்கள் நாலைந்து பேர் இருப்பதால் முதலில் கொஞ்சம் விளக்கம். மற்ற ஊர்களில் கல்யாணம், காதுகுத்து வந்தால் மொய் வரும். இங்கே, பேராவூரணியிலிருந்து கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு வரைக்கும், மொய்க்காகவே விருந்து வைப்போம். வீட்டில் விசேஷம் ஏதும் இருக்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே பத்திரிகை, ஒரே சமையல் என்று செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நோட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. நீங்கள் எனக்கு 5,000 ரூபாய் எழுதியிருந்தால், உங்கள் விருந்தில் அந்த 5,000-ஐ பழைய நடையாகத் திருப்பிவிட்டு மேலே 2,000 புது நடை வைப்பேன். அந்த 2,000 இனி உங்கள் தலையில். பழையதை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்தால் கணக்கு முடிந்தது, உறவும் கொஞ்சம் முடிந்தது என்று அர்த்தம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஊர் வாய்தான் ஜாமீன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் கொரோனாவுக்கு முன்பே அச்சு ஒடிந்திருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தபோது தோப்பே படுத்திருந்தது. தென்னையை நம்பித்தான் இந்தப் பக்கத்தில் மொய் எழுதுவார்கள். வெட்டுக்கு வெட்டு காசு வரும், ஆடிக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். மரம் போனதும் அந்தக் காசு போயிற்று. நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அது வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் 2020 மார்ச் 24 சாயந்திரம் 144 போட்டார்கள். மறுநாள் நாடு முழுக்கப் பூட்டு.

அந்த வருஷம் கல்யாணத்துக்கே 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று கணக்கு. அப்புறம் எங்கே மொய் விருந்து? 2020 ஆடி அப்படிப் போனது. 2021 ஆடியிலும் இரண்டாவது அலையின் பயம் தீரவில்லை. இந்த மார்ச் மாதம் வரைக்கும்கூடக் கல்யாணத்துக்கு 500, சாவுக்கு 250 என்று உச்சவரம்பு இருந்தது. இப்போது எல்லாம் எடுத்தாகிவிட்டது. விளைவு? எங்கள் வீட்டு அலமாரியில் இந்த ஆடிக்கு மட்டும் 31 பத்திரிகை. மூன்று வருஷத்துப் பசியோடு ஊர் ஒரே மாதத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 20 வருஷமாக எழுதி வந்தவர். "போட்டதை எடுத்தாகணும், நான் எத்தனை ஆடி காத்திருக்கிறது?" என்கிறார். அவர் மகன் சிங்கப்பூரில் இருந்தவன். 2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்களே, அந்த அறைகளில் ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தவன். திரும்பி வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு: "கணக்கை முடிச்சிருங்கப்பா. எட்டு வருஷம் நான் ஊர்லயே இல்லை. என் பேர்ல யாருக்கு எழுதுனீங்கன்னே எனக்குத் தெரியாது. அவங்களுக்கு நான் ஏன் கடன்காரன்?" கேள்வி நியாயம்தான். ஆனால் அவன் விமானம் ஏறப் பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டால் அதுவும் நியாயம்தான். ஒரு மொய் விருந்திலிருந்து வந்தது அது.

சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். என் மாணவர்தான், பேர் சொல்ல மாட்டேன். அவருக்கு மொய் விருந்து என்பது கடனோ உறவோ கிடையாது, கூலி. அவர் மாதிரியே பந்தல் போடுபவர், ஃபிளக்ஸ் அடிப்பவர், ஆடு வெட்டுபவர், பாத்திரம் வாடகைக்கு விடுபவர், இலை போடுகிற பையன். ஆடி ஆவணியில் சம்பாதித்ததை வைத்து மார்கழி வரை ஓட்டுகிற வீடுகள் இவை.

2020 ஏப்ரலில் அவரிடம் நான் பேசிய ஒரு பேச்சு இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ரேஷனில் கொடுத்த 1,000 ரூபாயை வாங்கிக்கொண்டு திரும்பியவர், எங்கள் திண்ணைக்கு வெளியே நின்று, "எப்ப சார் திறப்பாங்க?" என்று கேட்டார். நான் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு, வாத்தியார் தோரணையில், "உயிர் முக்கியமா, காசு முக்கியமா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், உங்களுக்கு ரெண்டும் தனித்தனியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது. அகவிலைப்படியை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று நானும் நண்பர்களும் போனில் புலம்பினோம், ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. 'பொறுமையாக இருங்கள்' என்பது என் கொள்கை என்று அன்றைக்கு நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது என் வங்கிக் கணக்குப் புத்தகம் பேசிய பேச்சு. காசு எப்படி வருகிறதோ அப்படித்தான் நம் கருத்தும் வருகிறது. மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு கருத்து, அன்றாடக் கூலிக்கு ஒன்று, வெட்டுக்கு வெட்டு எண்ணுகிறவருக்கு ஒன்று. அதை நாம் குணம் என்றும் அறிவு என்றும் பேர் வைத்துச் சண்டை போடுகிறோம்.

நூறு நாள் வேலைச் சண்டையும் அப்படித்தான். தோப்பு வைத்திருப்பவர் "ஆளே கிடைக்கவில்லை, எல்லாம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்பார். அந்தப் பூட்டு நாட்களில் ஏரிக்கரை வேலைதான் திரும்ப முதலில் கிடைத்தது என்பதை உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள் மறக்கவில்லை. நாள் கூலி அப்போது 256 ரூபாய், இந்த 2022-ல் 281. அது முழுதாகக் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை, அதைத் தொடங்கினால் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டோம்.

பூக்காரர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோயிலைப் பூட்டினால் சாமிக்கு ஒன்றும் ஆகாது என்று நாத்திக நண்பர் ஒருவர் சொன்னார். சாமிக்கு ஆகாது, மல்லிகைக்கு ஆகும். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை என்றதும் பறித்த பூ வாங்க ஆளில்லாமல் குப்பைக்குப் போனது. பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்துக் கொட்டுவதற்கும் கூலி கொடுத்தார்கள். வடகாட்டுப் பலாவும் அந்தக் கோடையில் மரத்திலேயே பழுத்து விழுந்தது.

சரி, மொய்க்கு வருகிறேன். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி நடந்துகொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நம் தெருக்களில் வாரத் தவணைக்குக் குழுக்கடன் வாங்கிய பெண்களுக்கு அந்த அறிவிப்பு காதில் விழுவதற்குள் கலெக்சன் தம்பி பைக்கில் வந்து வாசலில் நின்றார்.

அதே நாட்களில் மொய் நோட்டைப் பாருங்கள். யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை, இரண்டு ஆடி முழுக்கத் தவணை நின்றது. ஒரு பைசா வட்டி ஏறவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய கடன் ஒத்திவைப்பு அதுதான்.

இப்படிப் புகழ்ந்தால் பெரியவர் குறுக்கே வருவார். 2014-ல் அவர் எழுதிய 5,000 இன்றைக்கும் 5,000-ஆகத்தான் திரும்புகிறது. அப்போது ஆட்டுக்கறி என்ன விலை, இப்போது என்ன விலை? முதலில் விருந்து வைத்தவன் கெட்டிக்காரன், காத்திருந்தவன் ஏமாளி என்கிறார். பதில் என்னிடம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆடியில் மொய் எழுதுவதற்காகவே நகையை அடகு வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். வட்டியில்லாத கடனை வட்டிக்கு வாங்கி அடைக்கிறோம். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், நானும் போன வாரம் வங்கியில் அந்த வரிசையில் நின்றவன்தான்.

இளைஞர்கள் போனில் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டார் கல்யாணப் பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடித்திருந்தது செய்தியானது. இங்கேயும் இப்போது கணினியில் மொய் எழுதி ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "காசு போன்ல போயிரும். யார் இளைச்சிருக்கா, யார் வீட்ல ஆள் குறைஞ்சிருக்குன்னு போன் சொல்லுமா?" என்கிறார்.

ஆள் குறைந்த வீடு என்றதும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. 2021 மே மாதம் கணவர் போய்விட்டார். உடலைப் பொட்டலம் மாதிரிக் கட்டி வண்டியிலேயே கொண்டுபோனார்கள். தூரத்தில் நின்றவர்களைச் சேர்த்தாலும் பத்துப் பேர் இருக்காது. நானும் போகவில்லை. பயம். சட்டம் 20 பேரை அனுமதித்தது, அந்த 20-க்குள் நான் இல்லை.

அந்த வீட்டில் ஒரு மொய் நோட்டு இருந்தது. யார் யாருக்கு மொய் செய்தோம் என்று கணவர் கையால் எழுதியது, 140 பெயர்களுக்கு மேல். அந்த அக்கா இந்த ஆடியில் விருந்து வைக்கலாமா என்று கேட்டதும் ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். எழுதியது அவர், அவரோடு போயிற்று என்றார் ஒருவர். மகனுக்குப் பதினாலு வயது, அவன் பெரியவனாகட்டும் என்றார் இன்னொருவர். கணவன் இல்லாதவள் பேரைப் பத்திரிகையில் முதலில் போடுவதா என்று ஒரு பெரியம்மா கேட்டார், அவரும் கணவனை இழந்தவர்தான். அரசாங்கம்தான் நிவாரணம் கொடுத்ததே என்றார் நாலாவது ஆள், 50,000 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு. வாங்கிய ஆட்கள் பேசினார்களே தவிர, கொடுத்த மனுஷனின் வீட்டில் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மீட்டிங் மாதிரி பெஞ்சைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமையல்காரர்தான் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் சாவுக்கு நம்ம யாரும் போகலை. விருந்துக்காவது போவோம். எனக்குச் சமையல் கூலி வேண்டாம், சாமானை மட்டும் வாங்கிக் கொடுங்க." இரண்டு வருஷம் வேலையில்லாமல் கிடந்தவர் அவர். அவர் அப்படிச் சொல்லுவார் என்று என்னுடைய வங்கிக் கணக்குப் புத்தகக் கொள்கையை வைத்துப் பார்த்தால் கணிக்க முடியாது. அதனால் சற்று முன்னால் நான் சொன்னதில் ஓட்டை இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அடித்தாயிற்று. அக்கா பேர்தான் முதலில். வருகிற புதன்கிழமை. பெரியம்மாதான் வெற்றிலைத் தட்டுப் பக்கம் உட்காரப் போகிறாராம். நோட்டு எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. பழைய நோட்டை அக்கா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என் பேர் ஏழாவது பக்கத்தில் இருக்கிறது, 3,000 ரூபாய்.

சரி, பந்திக்குப் போக வேண்டியவர்கள் கிளம்புங்கள், மழை வரும் போலிருக்கிறது. புதன்கிழமை வருகிறவர்கள் தயவுசெய்து சில்லறையாகக் கொண்டுவாருங்கள், 2,000 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி கொடுக்க என்னிடம் இருக்காது.