ரான் டெய்லரின் வேட்டைக் காலத்தை மறைக்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆஸ்திரேலியாவின் கடலடிப் படப்பிடிப்பாளர் ரான் டெய்லரைப் பற்றிக் கல்லூரி மலருக்கு நினைவுக் கட்டுரை எழுதுகிறேன். சுறாக்களைக் காக்கப் பாடுபட்டவர் என்று எழுதும்போது, அவர் ஈட்டியால் மீன் வேட்டையாடியதையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் பெயருக்குக் குறைவு வராதா?"

கட்டாயம் சொல்லுங்கள், தம்பி. முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

ரான் 1934இல் சிட்னியில் பிறந்தவர். ஈட்டி மீன்பிடிப்பில் ஆஸ்திரேலியச் சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். 1965இல் தஹிதித் தீவில் நடந்த போட்டியில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் மனைவி வேலரியும் பெண்கள் பிரிவில் சாம்பியன்தான். இந்தப் போட்டிகளில் காற்று உருளை கிடையாது. தம் பிடித்து இறங்க வேண்டும், ஈட்டித் துப்பாக்கியால் மீனை அடிக்க வேண்டும், மூச்சு தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். எந்த மீன் எந்தப் பொந்தில் ஒதுங்கும், எது ஆளைக் கண்டதும் ஓடும், எது என்னவென்று பார்க்கக் கிட்டே வரும் என்பதெல்லாம் தெரியாதவர் அங்கே ஜெயிக்க முடியாது. பின்னாளில் சுறாவின் அருகே பதறாமல் நின்று படம் பிடித்தாரே, அதற்கான பழக்கம் இங்கே வந்ததுதான். கேமராவுக்கு நீர் புகாத உறைகளைக்கூடத் தானே செய்துகொண்டவர் அவர்.

உச்சத்தில் இருந்தபோதே, 1960களின் கடைசியில், போட்டி வேட்டையை விட்டுவிட்டார். இத்தனை மீன்களைக் கொன்று குவிப்பது எதற்கு என்று மனம் ஒப்பவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். தோற்று ஓய்ந்தபின் கையைக் கழுவுவது எளிது. அவர் யாராலும் அசைக்க முடியாத நிலையில் இருந்தபோது நிறுத்தினார். அதனால்தான் மற்ற வேட்டைக்காரர்களும் அவர் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

கிரே நர்ஸ் சுறாவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். வாய்க்கு வெளியே பல் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் சாது. 1950, 60களில் மனிதரைத் தின்னும் சுறா என்று தவறாக நினைத்து, ஈட்டி முனையில் வெடிகுண்டு பொருத்திக் கொன்று தள்ளினார்கள். அந்த இனத்தால் இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. தாயின் வயிற்றில் இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளரும் குட்டி மற்றவற்றைத் தின்றுவிடும். ஆக ஒரு ஈற்றுக்கு இரண்டு குட்டிதான், அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ரானும் வேலரியும் இந்தச் சுறாவுக்காக விடாமல் குரல் கொடுத்தார்கள். 1984இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. உலகிலேயே அப்படிப் பாதுகாப்புப் பெற்ற முதல் சுறா அது. ஈட்டியோடு இறங்கியவர்களால் அழிந்துகொண்டிருந்த இனத்துக்காக அந்தக் கூட்டத்தின் சாம்பியனே வாதாடினார் என்பதை அவருடைய வேட்டையை மறைத்துவிட்டு எப்படி எழுதுவீர்கள்?

ஒரு சுறா மனிதர்களைக் கொல்வதாகக் காட்டும் 'ஜாஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் உயிருள்ள சுறாக் காட்சிகளைத் தென் ஆஸ்திரேலியக் கடலில் எடுத்ததும் இவர்கள்தான். படம் 1975இல் வந்தபின் மக்கள் சுறாவைக் கொல்லக் கிளம்பியதைப் பார்த்து மனம் நொந்து, பயப்படாதீர்கள் என்று அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். ரான் அதிகம் பேசாத மனிதர். பேச்சு வேலரியுடையது, படம் ரானுடையது. 1992இல் தென்னாப்பிரிக்காவில் கூண்டே இல்லாமல் பெரிய வெள்ளைச் சுறாக்களுக்கு நடுவே இறங்கிப் படமெடுத்தார்கள்.

2012 செப்டம்பரில், 78 வயதில், ரத்தப் புற்றுநோயால் ரான் காலமானார். தென் ஆஸ்திரேலியாவில் வெள்ளைச் சுறாக்கள் கூடும் நெப்டியூன் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காவுக்கு இன்று ரான், வேலரி இருவர் பெயரும் இருக்கிறது. கட்டுரையில் வேலரியையும் விட்டுவிடாதீர்கள். பாதி வேலை அவருடையது.