கிருபை இருக்கிறதே, மறுபடி பாவம் செய்தால் என்ன?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார்: "நாம் இப்போது நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள். அப்படியானால் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், ஒவ்வொரு தடவையும் தேவன் மன்னிப்பாரா?"

இதைக் கேட்கச் சங்கடப்படவே வேண்டாம். அப்போஸ்தலன் பவுலின் காலத்திலேயே எழுந்த கேள்வி இது. (நியாயப்பிரமாணம் என்பது மோசே மூலம் தேவன் தந்த சட்டம்.) "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்று ரோமர் 5:20-ல் எழுதியவர், அடுத்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே, "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்கிறார். தீமை செய்யலாம் என்று அவர் போதிப்பதாகச் சிலர் பழியே சுமத்தினார்கள். ரோமர் 3:8-ல் அதையும் சொல்கிறார். இவ்வளவு பழி வந்தும் அவர் கிருபையைக் கொஞ்சம்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

சரி, சகோதரர் குறிப்பிட்ட வசனத்துக்கே வருவோம். ரோமர் 6:14. அதில் பாதியைத்தான் நாம் அடிக்கடி சொல்கிறோம். முழுவதும் வாசித்துப் பாருங்கள்: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." கிருபைக்குக் கீழே இருப்பதால் பாவம் செய்தாலும் பரவாயில்லை என்று பவுல் சொல்லவே இல்லை. கிருபைக்குக் கீழே இருப்பதால் பாவம் இனி உங்களுக்கு எஜமான் ஆக முடியாது என்கிறார். மன்னிக்கிற அதே கிருபைதான் விடுதலையும் தருகிறது. தீத்து 2:12-ஐ எடுத்துக்கொண்டாலும், அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுக்கும்படி நமக்குப் போதிப்பதே தேவகிருபைதான் என்று இருக்கிறது.

யோவான் 8-ம் அதிகாரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். விபசாரத்தில் பிடிபட்ட அந்த ஸ்திரீயைக் கொண்டுவந்து நடுவே நிறுத்துகிறார்கள். குற்றம் சாட்டியவர்கள் பெரியோர் முதல் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அவள் மட்டும் நிற்கிறாள். அந்தச் சம்பவம் முழுவதிலும் அவள் வாயிலிருந்து வருவது, "இல்லை, ஆண்டவரே" என்ற ஒரே பதில். அவள் மன்னிப்புக் கேட்டதாகக்கூட எழுதப்படவில்லை. ஆண்டவர் என்ன சொல்கிறார்? "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே." இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் திருந்திக் காட்டு, அப்புறம் தீர்ப்பைப் பற்றிப் பேசலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆக்கினை, அதாவது தண்டனைத் தீர்ப்பு, இல்லை என்பதை முதலில் சொன்னார். அந்த நிம்மதியோடுதான் அவளைப் புது வாழ்க்கைக்கு அனுப்பினார். ஆனாலும், "இனிப் பாவஞ்செய்யாதே" என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. சிலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களை நசுக்குகிறார்கள். இரண்டுமே ஆத்துமாவுக்குக் கேடு.

இப்போது சகோதரரிடம் நேராகவே கேட்கிறேன். நீங்கள் விழுகிறீர்களா, விழத் திட்டமிடுகிறீர்களா? இரவில் போனைக் கையில் எடுக்கும்போதே, "முடிந்ததும் ஜெபம் பண்ணிக்கொள்ளலாம்" என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்றால், அது பலவீனம் இல்லை, துணிகரம். தேவகிருபையைப் புரட்டுகிறவர்களைப் பற்றி யூதா தன் நிருபத்தின் 4-ம் வசனத்தில் எச்சரிக்கிறாரே, அந்த எச்சரிப்பு இங்கேதான் பொருந்தும். ஆனால் போராடி, வெறுத்து, அப்படியும் விழுந்து அழுகிறவர் நீங்கள் என்றால், 1 யோவான் 2:1 உங்களுக்காகவே எழுதப்பட்டது. நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்கிறார் யோவான். ஒருவன் பாவஞ்செய்வானானால் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்றும் சொல்கிறார். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது.

சங்கீதம் 130:4-ஐயும் வாசியுங்கள்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிப்புக் கிடைத்தால் பயம் விட்டுப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். சங்கீதக்காரன் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறான். என்னை இவ்வளவு நேசிக்கிறவரை எப்படித் துக்கப்படுத்துவேன் என்கிற பயம், மன்னிப்பை ருசித்தவனுக்குத்தான் வரும்.

மன்னிப்பு உண்டு என்பதால் விளைவுகள் எல்லாம் மறைந்துபோகும் என்றும் எண்ணாதீர்கள். தன் பாவத்தை ஒப்புக்கொண்ட தாவீது ராஜாவிடம், கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்று நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன பிறகும், தாவீதின் வீட்டில் கண்ணீர் ஓயவில்லை.

கடைசியாக ஒன்று. விழுந்த பிறகு பலர் சில நாட்கள் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் சுத்தமாகிவிட்டுத் தேவனிடம் போகலாம் என்ற எண்ணம். அப்படித் தள்ளிப்போடுகிற நாட்களில்தான் அதே பாவம் இன்னும் ஆழமாக வேர் விடுகிறது. எபிரெயர் 4:16 நம்மைத் தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரச் சொல்கிறது, அதுவும் சகாயம் தேவைப்படுகிற நேரத்தில். ஆகவே விழுந்த அன்றைக்கே போங்கள். அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாக்கோபு 5:16 சொல்கிறபடி, நம்பிக்கைக்குரிய ஒரு விசுவாசியிடமோ உங்கள் போதகரிடமோ மனம் திறந்து பேசி, உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.