கடுகு கேட்டுப் போன தாய்

(கிளிநொச்சிக்கு அண்மையில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தில் வெசாக் வாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

போன கிழமை தரம் 10 பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "சேர், புத்தர் ஆற்ரை ஆள்?" வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்களில் புத்தர் சிலை என்றால் முதலில் காணிதான் நினைவுக்கு வருகிறது. நேற்றுவரை பற்றையாகக் கிடந்த இடத்தில் விடியும்போது ஒரு சிலை இருந்தால் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தக் கவலையோடு சேர்த்து புத்தர் சொன்னதையும் வெளியே தள்ளிவிட்டால் இழப்பு எங்களுக்குத்தான்.

அவர் பிறந்தது இன்றைய நேபாளத்தின் லும்பினியில், சாக்கியர் குலத்தில். ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முன்னர். 29 வயதில் வீட்டை விட்டு வெளியேறி ஆறு ஆண்டுகள் பட்டினி கிடந்து உடலை வருத்தினார். அதில் பயனில்லை என்று கண்டபின் சுஜாதை என்ற பெண் கொடுத்த பாற்சோற்றை உண்டார். அதற்குப் பிறகுதான் புத்தகயாவில் அரசமரத்தடியில் ஞானம் கிடைத்தது. வயிற்றைக் காயப்போட்டு உண்மையைக் காண முடியாது என்று கண்டவர் அவர். பட்டினி கண்ட எங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

துக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் வேட்கை. அது நீங்கக்கூடியது. நீங்குவதற்கு எட்டு அங்கமுள்ள வழி ஒன்று உண்டு. சாரநாத்தின் மான் சோலையில் ஐந்து பேருக்கு அவர் முதலில் சொன்னது இதைத்தான். ஆனால் இதை நான்கு வரியாக மனனம் செய்தால் நெஞ்சில் நிற்காது. கிசாகோதமியின் கதையில்தான் அது நிற்கும்.

செத்துப்போன பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு வந்தவள் அவள். புத்தர் சொன்னார்: சாவு விழாத வீடொன்றில் ஒரு பிடி கடுகு வாங்கி வா. கடுகு இல்லாத அடுப்படி ஏது? சாவத்தி நகர் முழுவதும் படலை படலையாக ஏறி இறங்கினாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடுதான் இல்லை. அந்தத் தாய் முறிகண்டியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் நடந்திருந்தாலும் ஒரு மணி கடுகு கிடைத்திருக்காது. அழாதே என்று புத்தர் அவளிடம் சொல்லவில்லை, பாருங்கள். மற்றவர்களின் வாசலுக்கு அனுப்பினார். ஒரு வாசலில் "என்ரை மகன்" என்றிருப்பார்கள், அடுத்த வாசலில் "என்ரை மனுசன்" என்றிருப்பார்கள். பொழுதுபடும்போது தன் பிள்ளையை அடக்கம் செய்யும் திடம் அவளுக்கு வந்துவிட்டது.

ஆனால் 2017 மாசி மாதத்திலிருந்து கிளிநொச்சித் தெருவோரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற தாய்மாருக்கு இந்தக் கதையை ஆறுதலாகச் சொல்ல என்னால் முடியாது. கிசாகோதமியின் இடுப்பில் பிள்ளையின் உடலாவது இருந்தது.

வேட்கை எப்படித் துக்கமாகிறது என்பதைத் தமிழில் எங்கள் மணிமேகலையே சொல்கிறது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்று இருப்பதால் மற்றது வருகிறது. குளத்துத் துருசைத் திறந்தால் வாய்க்கால் நிறையும், வாய்க்கால் நிறைந்தால் வயல் நனையும். கடைசி வயலில் நின்றுகொண்டு தண்ணீரை மறிக்க ஏலாது. துருசடிக்குத்தான் போகவேண்டும்.

அதே மணிமேகலை அரசனிடம் என்ன வரம் கேட்டாள்? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தா என்று கேட்டாள். கையிலிருந்த அமுதசுரபியால் அங்கிருந்தவர்களுக்குச் சோறு போட்டாள். தமிழ்ப் பெண்ணொருத்தியின் பௌத்தம் இது.

தமிழ்ப் பௌத்தம் காவியத்தோடு முடிந்துவிடவில்லை. சோழநாட்டுப் பிக்கு புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாளி மொழியில் நூல் எழுதினார். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்றே பெயர் இருந்தது. 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கந்தரோடைத் தூபிகளைப் பார்க்காத பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கை, மியன்மார், தாய்லாந்தில் தேரவாதம். மாத்தளை அலுவிகாரையில் பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் ஏறியது இந்த மரபில்தான். சீனா, கொரியா, யப்பான், வியட்நாமில் மகாயானம். எல்லா உயிரும் கரையேறும்வரை நானும் பொறுத்திருப்பேன் என்கிற போதிசத்துவர் அதன் நெஞ்சம். திபெத், பூட்டான், மொங்கோலியாவில் வச்சிரயானம். அநுராதபுரத்திலேயே மகாவிகாரை, அபயகிரி என்ற இரண்டு பெரிய மடங்களும் கருத்து வேறுபட்டு நின்றன. ஆகவே பௌத்தத்துக்கு ஒரே முகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2019இல் வெசாக் பௌர்ணமியும் முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18உம் ஒரே நாளில் வந்தன. அன்று முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று சிரட்டையில் கஞ்சி வாங்கினேன். உப்பும் அரிசியும் தண்ணீரும்தான். வார்த்த ஆச்சி என் முகத்தைப் பார்த்து, "காணுமோ, தம்பி?" என்றா. நான் வாய் திறக்க முதலே இன்னொரு அகப்பை ஊற்றினா.